வேறொரு மாப்பிள்ளை ஏறிய ஃபியட்

ராஜகீழ்ப்பாக்கம்,
ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்.

அன்புள்ள மைத்துனன் டேனியலுக்கு,

அத்தான் தேவானந்தம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அக்கா ரோஸியும் மகள் ஷீலாவும் உடம்பளவில் சுகம். கோயம்புத்தூரில் உன் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த ஜெபத்துக்கு மட்டும் உன் அக்கா ஆமென் சொல்வதில்லை. போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

மேடவாக்கத்துச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நீ. மூன்று வருஷமாக யார் பேச்சை எடுத்தாலும் "வேணாம்ப்பா" என்றவள் ஷீலா. இந்தப் பையன் போட்டோவைப் பார்த்துதான் "சரி, வரச் சொல்லுங்க" என்றாள். அதற்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் பையனின் அப்பா ஐசக் சாரிடம், "எங்க அத்தான்கிட்ட கார் இருக்கு, பொண்ணு பாக்க அவரே வந்து கூட்டிட்டுப் போவார்" என்று அளந்து, வண்டி நம்பரையும் அனுப்பினாயே, அது எண்பத்தேழாம் வருஷத்து ஃபியட் என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

நேற்று நாலு மணிக்கு வண்டியைக் குளிப்பாட்டி, சீட்டுக்கு வெள்ளைத் துண்டு விரித்துக் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் பைக்கில் வருகிறவன் நிறுத்தி போட்டோ எடுக்கிறான், சிக்னலில் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, தான் கார் ஓட்டப் பழகியதே இதில்தான் என்று பச்சை விழுந்த பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐசக் சார் வீட்டுக்கு வழி கேட்கலாம் என்று சந்தோஷபுரம் தாண்டி ஒரு பிள்ளையார் கோயில் பக்கம் ஓரங்கட்டினேன் பார், அதுதான் நான் செய்த தப்பு. போனை எடுப்பதற்குள் நாலு பேர் வந்து பானெட்டில் பூச்சரம் கட்டுகிறார்கள், பின் கதவைத் திறந்து மாலையும் கோட்டுமாக ஒரு பிள்ளையை உட்கார வைக்கிறார்கள், முன்னால் பேண்டு வாத்தியம் ஆரம்பித்தாயிற்று. மாப்பிள்ளை அழைப்பாம். ஷ்யாம்சுந்தர் என்று ஒருவர், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், என்னிடம், "இன்னா டிரைவரண்ணா, இவ்ளோ லேட்டு? மாப்ள ஒரு மணி நேரமா நின்னுகினு கீறாரு" என்கிறார்.

"நான் அந்த வண்டி இல்லீங்க" என்றேன்.

"பழைய ஃபியட்டுதானே புக் பண்ணோம்? இந்த ரோட்ல ஃபியட்ட பாத்தே பத்து வருசம் ஆவுது. இத்த வுட்டா வேற எது வரப்போவுது?"

எனக்கே தெரிந்து இந்த ரோட்டில் வேறு ஃபியட் கிடையாது. அந்தப் பிள்ளை வேறு பின்னாலிருந்து, "தேங்க்ஸ்ணா, இந்த வண்டிதான் வேணும்னு அடம்புடிச்சேன்" என்றது. மாலை போட்டு உட்கார்ந்தவனை எப்படி இறக்கிவிட? சரி, மண்டபம் அரை கிலோமீட்டர்தானே, விட்டுட்டு ஓடிடலாம்னு பார்த்தா, பத்தடிக்கு ஒரு தரம் நிறுத்தி ஆடுறானுங்க, சரவெடி போடுறானுங்க, பின்னால தண்ணி லாரி ஹாரன் அடிக்குது. காத்துக் காத்துப் பார்த்து ஐசக் சார் குடும்பத்தோடு ஆட்டோ பிடித்துக் கிளம்பி, அந்தத் தண்ணி லாரிக்குப் பின்னால் மாட்டியிருந்திருக்கிறார். என்ன அடைப்பு என்று இறங்கி நடந்து வந்தவர், நம்பர் பிளேட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே ஷீலா அப்பா?"

"ஆமா சார். ஏறுங்க, போலாம்."

"எங்க ஏறுறது? ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை உக்காந்திருக்காரே."

அப்படியே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்தேன். ஷீலா கட்டியிருந்த புடவையை மாற்றி மடித்து பீரோவில் வைத்துவிட்டு, கேசரியை எனக்கு ஒரு தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். அவளாகச் சரி என்று சொன்ன ஒரே இடம் அது, மச்சான், நான் கெடுத்துவிட்டேன்.

ஆகவே ஐசக் சாரிடம் நீதான் பேச வேண்டும், நாங்கள் மரியாதையான குடும்பம் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வண்டியைக் காயலான் கடையில் தள்ளிவிடுகிறேன். இது உறுதி. ஆண்டவர் உன் வீட்டையும் உன் நாவையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்
தேவானந்தம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஐசக் சார் மகன் தனியாக வந்து நின்றான். "ஊர்வலத்துல விசாரிச்சேன், யாரோ வீட்டு மாப்பிள்ளைய இறக்கிவிட மனசு வராம ஓட்டினீங்களே அங்கிள், உங்க பொண்ணப் பாக்காமப் போக மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றான். ஷீலா பீரோவைத் திறந்தாள். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஒரு ரவுண்டு போய்வருகிறோம் என்று இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நேற்றைய ஊர்வலத்தில் பெட்ரோல் தீர்கிற நிலைக்கு வந்ததை நான் சொல்ல மறந்துவிட்டேன். நீ ஐசக் சாருக்குப் போன் பண்ண வேண்டாம். வழியில் வண்டி நின்றதும் பையன் தன் அப்பாவைத்தான் வரவழைத்திருக்கிறான்; இப்போது செம்பாக்கத்திலிருந்து அவரே கூப்பிட்டார்: "சம்பந்தி, சீக்கிரம் வாங்க, நான் ஒருத்தனாத் தள்ள முடியல."