வீட்டிலிருந்தவளுக்கு ஒரு விருது

மனிதர்கள் முகத்துக்கு முகம் பார்த்தால்தான் நிறுவனம் வளரும் என்ற பேருண்மையை மின்னஞ்சல் மூலம் உலகுக்கு அறிவித்த பெருமை, கொழும்பிலுள்ள அந்தக் கம்பனியையே சேரும்.

ஏறாவூரில், வாவிக் காற்று வரும் அறையில் இருந்தபடி வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதும் றிஸானாவுக்கும் அது வந்தது. ‘வீட்டிலிருந்தே மிகச் சிறப்பாக வேலை செய்தவர்’ விருது அவளுக்குத்தான். வியாழன் காலை பத்து மணிக்கு நேரில் சமுகமளித்துப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அதே பத்து மணிக்கு அவளுடைய நாலு வயது மகள் ஸஹீதா, பாலர் பாடசாலை விழாவில் வண்ணத்துப்பூச்சியாக மேடையேறுகிறாள். சிறகு தைத்ததே றிஸானாதான்.

முகாமையாளர் இஷாமுக்கு ஃபோன் எடுத்தாள்.

“சேர், ஸூமில வந்தா ஏலாதா?”

“அதெப்படி றிஸானா? கைகுலுக்கிறத ஸூமில அனுப்பேலுமா? குழு உணர்வு நேரிலதான் வரும்.”

மறுக்க முடியாத விஞ்ஞானம்.

“வீட்ட இருந்து நல்லா வேல செஞ்சதுக்கு, வீட்ட உட்டுட்டு வரச் சொல்றாங்களா?” என்றாள் உம்மா. “அப்ப மோசமாச் செஞ்சிருந்தா வீட்டயே இருக்க உட்டிருப்பாங்களா?”

கம்பனியின் தத்துவ ஆழம் உம்மாவுக்கு எட்டவில்லை.

புதன் காலை புறப்படும்போது ஸஹீதா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“போனில பாப்பன் மகள். கையும் தட்டுவன்.”

“போனுக்குள்ள தட்டுனா எனக்குக் கேக்காதே.”

எட்டு மணித்தியால பஸ். இடுப்பு விட்டுப்போனது. கொழும்பில் மாமி வீட்டில் தங்கி, மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு அலுவலகம் போனாள். யாரும் உட்காராத பன்னிரண்டு கதிரைகள். ஆள் என்று காவலாளி உசனார் காக்கா மட்டும். சுவர்த் திரையில் இஷாம், தெஹிவளை வீட்டுச் சோபாவில்.

“மன்னிக்கணும். வீதியெல்லாம் சரியான நெரிசல். எல்லாரையும் வீட்டில இருந்தே சேரச் சொல்லி இண்டைக்குக் காலைல எட்டரைக்கு மெசேஜ் போட்டனே?”

கொழும்பிலிருப்பவர்களுக்கு அது தாராளமான அவகாசம்.

இஷாம் திரைக்குள்ளிருந்து கைகுலுக்கிக் காட்டினார். விருதை உசனார் காக்கா எடுத்துக் கொடுத்தார். றிஸானாவின் மற்றக் கையிலிருந்த போனில், ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி ஆடாமல் நின்று முன்வரிசையில் யாரையோ தேடியது. அவள் கைதட்டப் போனாள். இரண்டு கையும் நிறைந்திருந்தது.

“குழு உணர்வு பற்றி ரெண்டு வார்த்தை பேசுங்க றிஸானா!”

அவள் விருதை உசனார் காக்காவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“சேர், நீங்க சொன்னது சரி. நேரில பாத்தாத்தான் தெரியுது, இந்தக் கம்பனியில வேலைக்கு வாறது இவர் ஒராள்தான்.”