பேராசிரியர் ஹூபருக்குக் கேட்ட தூசி

இனி யாருக்கும் "முடியாது" என்று கடிதம் எழுதிப் பிழைப்பதில்லை என்று முடிவு செய்தேன். காப்பீட்டு அலுவலகத்தில் என் வேலையே அதுதான். ஆலங்கட்டி மழையில் திராட்சைத் தோட்டம் போனவனுக்கு ஒரு "முடியாது". வெள்ளத்தில் ஆடு போனவனுக்கு இன்னொன்று. எழுதி எழுதிப் பழகி, சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் சூப் வேண்டுமா என்று மனைவி கேட்டால் "தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது" என்று வாயில் வந்தது. அன்றே ராஜினாமா செய்தேன்.

என் மனைவி டோன்கா, எங்கள் ஹாஸ்கோவோ ஊரின் பொம்மலாட்ட அரங்கில் பொம்மைகளுக்கு உடை தைப்பவள். கரடிப் பொம்மை ஒன்றுக்குக் கால்சட்டை தைத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள்.

"சரி ஸப்ரியான், இனிமே என்ன செய்யப் போற?"

"இசை! வீட்டுலயே ஒலிப்பதிவுக் கூடம். என் கவாலை எடுத்து ஊதப் போறேன்."

கவால் என்பது எங்கள் ஆட்டிடையர்களின் நீளமான குழல். நான் அதை நன்றாகவே ஊதுவேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"ஊதினா யாரு கேப்பா?"

"உலகம் கேக்கும்!"

"உலகம் கேக்கட்டும். அதுக்கு முன்னாடி கம்பளத்தை எல்லாம் கீழ கொண்டுபோய்த் தட்டணும். குடைமிளகாயைச் சுட்டுப் புட்டியில அடைக்கணும். குளிர்காலம் வாசல்ல நிக்குது."

"இது கலைஞனோட கை, டோன்கா. கம்பளம் தட்டாது."

"சரி" என்றாள்.

டோன்கா கத்தினால் பயமில்லை, கத்தி முடிந்ததும் ஓய்ந்துவிடுவாள். "சரி" என்றால்தான் ஆபத்து. உலகத்தைப் பற்றிய யோசனையில் இருந்ததால் அன்று அதை நான் கவனிக்கவில்லை.

துணி அலமாரிதான் ஒலிப்பதிவுக் கூடம். குளிர்காலக் கோட்டுகள் எதிரொலியை நன்றாக விழுங்கும். கோட்டு மாட்டும் கம்பியில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். மூச்சுக்காற்று மைக்கில் மோதாமல் இருக்க நடுவில் ஒரு வலை வேண்டும். டோன்காவின் பூத்தையல் வளையத்தில் நைலான் காலுறை ஒன்றை இழுத்துக் கட்டினேன்.

"ஐயோ, அது என் நல்ல காலுறை!"

"இப்ப அது கலைச்சேவையில இருக்கு."

பிறகு என் கொள்கைகளை ஓர் அட்டையில் எழுதினேன். எந்திர மேளம் கிடையாது, உண்மையான பொருளை உண்மையான கை அடிக்க வேண்டும். கணினியில் வெட்டி ஒட்டுவது கிடையாது, நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. குரலை நேராக்கும் மென்பொருள் என் வாசல்படியை மிதிக்காது. இந்த அட்டையை அலமாரிக் கதவில் ஒட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. டோன்காவுக்குப் படிக்கத் தெரியும்.

பழைய மேலாளர் தொலைபேசியில் சிரித்தார். "ஸப்ரியான், உன் நாற்காலி திமித்ரோவ்தென் வரைக்கும் காலியாவே இருக்கும். அப்புறம் வேற ஆள் உக்காந்துடுவான்." அக்டோபர் கடைசியில் வரும் அந்தப் புனித திமிதர் நாளில்தான் அந்தக் காலத்தில் கூலியாட்களை எடுப்பதும் அனுப்புவதும். அதற்குள் நான் இசையில் ஒரு வேலை தேடியாக வேண்டும். இல்லையென்றால் மீண்டும் "முடியாது". ஆனாலும் பின்வாங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வாடிக்கையாளர் வந்தான். கல்யாண வீடுகளில் பாடுகிறவன். அலமாரிக்குள் நின்று பாடினான். வெளியே வந்து, "என் குரலைக் கொஞ்சம் நேராக்கிக் குடுங்க" என்றான்.

"உங்க குரல் கோணல்னா கோணல்தான் உண்மை. உண்மையை நான் தொட மாட்டேன்."

கோபத்தோடு கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். போன பிறகுதான் தெரிந்தது, அது என் கோட்டு.

"வந்தது ஒரு ஆள். அவனையும் விரட்டி, கோட்டையும் குடுத்து அனுப்பியிருக்க" என்றாள் டோன்கா.

"கொள்கை போகலையே!"

"அதைப் போட்டுக்கிட்டுப் பனியில நட."

சரியாக மறுநாள் அந்த மின்னஞ்சல் வந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து பேராசிரியர் ஹூபர்! என் கொள்கைகளைக் கேள்விப்பட்டு மெய்சிலிர்த்தாராம். ஒரு வீட்டின் உண்மையான ஒலிகளால் ஆன இசை வேண்டுமாம். திமித்ரோவ்தெனுக்குள் எல்லாம் திருப்தியாக இருந்தால் எனக்கு நிரந்தர வேலையாம். முதல் ஒலியாக அவர் கேட்டது, கம்பளம் தட்டும் ஓசை. கீழே ஒரு குறிப்பு: "முதலில் எல்லாக் கம்பளங்களிலும் மைக் இல்லாமல் ஓர் ஒத்திகை அவசியம்."

"பாத்தியா டோன்கா? சுவிட்சர்லாந்து!"

"அடேயப்பா! கலைஞனோட கையாச்சே, தட்டுமா?" என்றாள், கரடியின் கால்சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இது தட்டறது இல்ல. தாளம்!"

குடியிருப்பின் முற்றத்தில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் கம்பளங்களைப் போட்டேன். ஒத்திகையாக எல்லாவற்றையும் ஒரு முறை தட்டிவிட்டு மைக்கை வைத்தேன். மேல்மாடி பென்யோ அண்ணன் பால்கனியில் காபியோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி, கடைசியில டோன்கா ஜெயிச்சிட்டாளா?"

"அண்ணே, பேசாதீங்க. பதிவு ஓடுது. இப்ப மறுபடி முதல்லேர்ந்து அடிக்கணும்!"

அவர் வேண்டுமென்றே இருமினார். மறுபடி அடித்தேன். நாய் குரைத்தது. மறுபடி அடித்தேன். நடுவில் நின்றால் முதலிலிருந்து என்பது என் கொள்கை. வெறி வந்தவன்போல அடித்தேன். எங்கள் கம்பளங்கள் நெய்த நாளில்கூட அவ்வளவு சிவப்பாக இருந்திருக்காது. மாலையில் அந்தத் தாளத்தின் மேல் என் கவாலை ஊதிச் சேர்த்து அனுப்பினேன்.

பதில் வந்தது. "அற்புதம். ஆனால் கூடத்துக் கம்பளத்தின் இடது மூலையில் தூசி கேட்கிறது."

ஓடிப் போய்ப் பார்த்தேன். இடது மூலையில் தூசி இருந்தது!

"டோன்கா, இந்த மனுஷனோட காதைப் பாரு! தூசி கேக்குதாம்! இப்படி ஒரு ரசிகன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செஞ்சேனோ!"

"அரைகுறையா செய்யறதுக்குச் செய்யாமலே இருக்கலாம்னு எழுதியிருக்காரா?"

"ஆமா, எப்படித் தெரியும்?"

"பெரிய மனுஷங்க அப்படித்தான் எழுதுவாங்க."

அடுத்தது குடைமிளகாய். எங்கள் மிளகாய் அடுப்பில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மிளகாய்தான் நிற்கும். மூட்டை மூட்டையாக இருந்த மிளகாயை ஒவ்வொன்றாக நிறுத்திச் சுட்டேன், தோல் வெடிக்கும் சத்தத்துக்காக. பிறகு அக்ரூட் கொட்டை உடைக்கும் ஒலி. பிறகு பாத்திரம். "தட்டின் நாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது" என்று எழுதினார் பேராசிரியர். கடைசியாக, நனைந்த செய்தித்தாளால் ஜன்னல் கண்ணாடியைத் தேய்க்கும் கிறீச்சொலி. "தெற்கு ஜன்னலில் சுருதி மங்கல். மறுபடியும் தேய்க்கவும்."

முதுகு வளைந்துவிட்டது. விரலெல்லாம் அக்ரூட் கறை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. மிளகாய் வெடிக்கிற இடைவெளியில் கவால் நுழையும்போது எனக்கே கண் கலங்கியது.

திமித்ரோவ்தெனுக்கு முந்திய நாள் பென்யோ அண்ணன் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, உன் மைக்கை ஒரு நாளைக்குக் குடு."

"உங்களுக்கு எதுக்கு அண்ணே?"

"சுவிட்சர்லாந்துலேர்ந்து யாரோ ஹூபராம், எனக்கும் எழுதியிருக்கான். குளியலறை ஓடு தேய்க்கற சத்தம் வேணுமாம். முதல்ல மைக் இல்லாம ஒத்திகை பாக்கணுமாம். எனக்கு இசைன்னா என்னன்னே தெரியாது. ஆனா அவன் தேர்ந்தெடுத்திருக்கானே, ஏதோ விஷயம் இருக்கணும்ல?"

"ஓடு தேய்க்கணும்னு உங்க சம்சாரம் கின்கா அக்கா எப்பவாவது சொன்னாங்களா?"

"ரெண்டு வருஷமா சொல்றா!"

அவர் நீட்டிய கைபேசியில் கடிதத்தைப் படித்தேன். "அரைகுறையாகச் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம்." எனக்கு வந்த அதே வரி. கின்கா அக்காவும் டோன்காவும் தினமும் படிக்கட்டில் நின்று பேசுகிறவர்கள். டோன்கா என் வீட்டுப் பேராசிரியரை மேல்மாடிக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறாள்!

உள்ளே போனேன். டோன்கா நரிப் பொம்மைக்குத் தொப்பி தைத்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம், பேராசிரியர் ஹூபர்."

ஊசி நின்றது. "கின்காவுக்குப் பொறுமையே கிடையாது" என்றாள்.

"நாளைக்கு திமித்ரோவ்தென், டோன்கா! நாளன்னிக்கு நான் மறுபடி அந்த நாற்காலியில போய் உக்காரணும். திராட்சை போனவனுக்கு 'முடியாது'ன்னு எழுதணும். எனக்கு வேலை இருக்குன்னு நம்பி இருந்தேனே! உனக்கு இது விளையாட்டா?"

என் குரல் உடைந்துவிட்டது. அதை நேராக்கும் மென்பொருளை நான்தான் வாசல்படியிலேயே நிறுத்தியிருந்தேனே.

அவள் நரியைக் கீழே வைத்தாள்.

"கம்பளத்துக்காகத்தான் எழுதினேன். ஒத்துக்கறேன். ஆனா நீ அனுப்பினதை அரங்குல வச்சுக் கேட்டேன். அந்த அடிக்கு மேல உன் குழல் வந்துச்சு பாரு, ஸப்ரியான், தையல் அறையில ஒரு ஊசி ஓடல. இயக்குநர் அம்மா கதவுலயே நின்னு கேட்டாங்க. ஒவ்வொண்ணா வர வர எல்லாத்தையும் கேட்டாங்க. இனிமே நம்ம அரங்குக்கு இசை நீதான். வெட்டி ஒட்ட வேண்டாமாம், எந்திர மேளம் வேண்டாமாம். நாளைக்குப் போய்ப் பேசு. நிரந்தர வேலை."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இது எப்ப முடிவாச்சு?"

"மிளகாய் சுட்டப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"ஜன்னல் பாக்கி இருந்துச்சே."

கோபப்படத்தான் நினைத்தேன். சந்தோஷம் முந்திக்கொண்டது. அவளைக் கட்டிப்பிடித்து, ஊசியில் குத்திக்கொண்டு, பழைய மேலாளருக்குத் தொலைபேசி செய்தேன்.

"என்ன ஸப்ரியான், நாற்காலியைத் துடைச்சு வைக்கட்டுமா?"

"தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. முடியாது" என்றேன். நான் எழுதியதிலும் சொன்னதிலும் மனசாரச் சொன்ன "முடியாது" அது ஒன்றுதான்.

திரும்பிப் பார்த்தால் டோன்கா பால்கனியிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஆள் உயரப் பீப்பாய். உப்புத்தண்ணீரில் முட்டைக்கோஸ். வசந்தம் வரை எங்களுக்கு ஊறுகாய் அதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் அடியில் குழாயை விட்டு ஊதி, தண்ணீரைக் கலக்கி விடாவிட்டால் அழுகிவிடும். இத்தனை வருஷமும் அவள்தான் ஊதுவாள்.

"அடுத்த நாடகத்துல ஒரு பூதம் வருது. அது தண்ணிக்கடியில மூச்சு விடற சத்தம் வேணும். உன்னை மாதிரி மூச்சு ஊருல யாருக்கு இருக்கு?" என்று குழாயை என் கையில் கொடுத்தாள்.

இது இயக்குநர் கேட்டதா, இவள் கேட்டதா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கலைஞனிடம் அப்படிச் சொன்ன பிறகு அவன் என்ன செய்வான்? மைக்கை எடுக்க அலமாரிக்கு ஓடினேன்.

"அதை எதுக்கு எடுக்கற?" என்றாள் டோன்கா. "பூதம் மேடைக்கு வர்றதே வசந்தகாலத்துலதான். அதுவரைக்கும் ஒத்திகை."