பொறு அண்ணையின் மூன்று போத்தல்கள்

கோப்பாயில் பொறு அண்ணையைப் போல வைனைக் காதலித்தவரும் இல்லை, வைனுக்கு அவரைப் போல அநியாயம் செய்தவரும் இல்லை. "எப்ப அண்ணை திறப்பியள்?" என்று யார் கேட்டாலும் "பொறு" என்பார். அவருடைய சொந்தப் பெயரை அவரது சைக்கிள் கடைப் பலகையே மறந்துவிட்டது.

சைக்கிளுக்குக் காற்றடிக்க நான் போன ஒருநாள், கடைக்குப் பின்னறையில் அலுமாரி திறந்திருந்தது. மடித்து வைத்த சாரங்களுக்கு நடுவே மூன்று போத்தல்கள். மூன்றும் அவர் வளவுத் திராட்சையில் போட்ட சிவப்பு வைன். பிளாஸ்டரில் எழுதி ஒட்டியிருந்தார்: கொரோனா வருசம், பெற்றோல் கியூ வருசம், மழை கெடுத்த வருசம். அந்த நிமிடமே எனக்கு யோசனை பிறந்தது. மூன்றையும் ஒரே நாளில் திறந்து, அருகருகே ஊற்றி, எதை இப்போதே குடிப்பது, எதை இன்னும் வைப்பது என்று தீர்த்துவிட்டால் என்ன?

"பொறு பிள்ளை. கனடாவிலை இருந்து அக்கா வரட்டும்."

"வீட்டு வைன் அண்ணை உது. கனகாலம் தாங்காது!"

"நீர் பிறக்க முன்னமே நான் வைன் போடுறனான்."

"போடுறியள். குடிச்சியளோ?"

"குடிச்சால் முடிஞ்சிடுமே!"

ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து வந்ததும் போத்தல்களை வெயிலில் பிடித்துக் குலுக்குவார். இருமல் மருந்தைக்கூட யாரும் அப்படிக் குலுக்கியதில்லை. அடி மண்டியெல்லாம் மேலே வந்து சுழலும். "பாத்தீரே, உயிரோடை இருக்கு!" என்பார். வைனைக் குலுக்கக் கூடாதென்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

அக்காவின் வருகை ஒவ்வோர் ஆவணியும் தள்ளிப்போனது. ஒருமுறை முழங்கால், ஒருமுறை பேத்தியின் பரீட்சை. இந்த ஆவணியில் உண்மையாகவே வந்துவிட்டார். கிளாஸ்களோடு ஓடினேன்.

"எனக்குப் பிறஷர் குளிசையடா தம்பி. ஒரு சொட்டும் கூடாது" என்றார் அக்கா.

பொறு அண்ணை போத்தல்களைத் தூக்கி மறுபடி அலுமாரிக்குள் வைத்தார். "அப்ப மருமக்கள் வரட்டும்."

"அவை வரேக்கை உதிலை ஊறுகாய்தான் போடலாம்!" கத்தியே விட்டேன்.

அக்கா சிரித்துக்கொண்டு எழுந்துபோய்த் தானே தக்கைகளைப் பிடுங்கினார்.

மழை வருசம் தண்ணீர் போல மெலிசு. போட்ட வருடமே குடித்திருக்க வேண்டும். பெற்றோல் கியூ வருசம் நல்ல கறுப்பு, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. இன்னும் இரண்டு வருடம் வைத்திருக்கலாம். கொரோனா வருசம் வெறும் வினாகிரி. மூக்கிலேயே அறைந்தது.

"இதை ஊத்துங்கோ அண்ணை" என்றேன்.

"உது அம்மா கடைசியாக் கிண்டின சாடி பிள்ளை. பிளேன் ஓடேல்லை. அக்காவாலை செத்தவீட்டுக்கும் வர ஏலேல்லை. ரெண்டு பேருமாக் குடிப்பமெண்டு வைச்சனான்."

அக்கா விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். அண்ணை முகம் சுளிக்காமல் ஒரு கிளாஸ் முழுவதையும் குடித்தார். அவர்மேலும் ஓடாத விமானங்கள்மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நானும் ஒரு மிடறு குடித்தேன். தொண்டை எரிந்தது.

திராட்சைப் பந்தலில் இப்போது காய்கள் கறுக்கத் தொடங்கியிருக்கின்றன. இம்முறை சாடியை நான்தான் கிண்டப்போகிறேன். குடிக்கும் நாளையும் போத்தலில் நானே எழுதி ஒட்டுவேன். அன்றைக்கு யார் வராவிட்டாலும், கடையைப் பூட்டச் சொல்லிவிட்டு, அவருக்கு எதிரே ஒரு கிளாஸோடு நான் உட்கார்ந்திருப்பேன்.