புதுப் பெட்டிக்குக் குடிபோன சூளைப் பதிவு

புதுக் கம்ப்யூட்டர் பழைய கோப்பைத் திறக்க மாட்டேன் என்றது. பழமலைநாதன் மூன்றாவது முறையும் தட்டிப் பார்த்தார். அதே பதில்தான்.

பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் அந்தக் கம்பெனியில் அவர் பதினோரு வருடக் குமாஸ்தா. சூளை எரிந்த தேதி, உள்ளே அடுக்கிய ஆட்கள், எத்தனை தட்டுக் கட்டை, அதில் எத்தனை உடைந்தது என்று எல்லாவற்றையும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். முதலாளி தேவநாதனோ, காசில்லாமல் கிடைக்கிறதே என்று லினக்ஸ் போட்டு ஒரு புதுப் பெட்டியை இறக்கிவிட்டார்.

"மத்தியானம் தரச் சர்டிபிகேட் குடுக்கற ஆபீசரம்மா வராங்க. ரெண்டு வாட்டி கை நழுவிப்போச்சு. இதுவும் போச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கலாம் பழமலை," என்றார் முதலாளி, டீயை ஆற்றிக்கொண்டே.

பழமலைநாதன் கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் பூர்ணிமாவுக்குப் போன் போட்டார்.

"சுலபம் சார். பழைய மிஷின்ல கட்டத்துக்குக் கட்டம் கமா வர்ற மாதிரி சேவ் பண்ணுங்க. சிடியில ஏத்தி இதுல தொறங்க."

திறந்தது. பழமலைநாதன் நிம்மதியாக ஒரு பன்னைப் பிட்டு வாயில் போட்டார். அப்போதுதான் பார்த்தார், 'தட்டு' என்ற கட்டத்தில் பாண்டியன் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சூளையில் யாரும் தனியாக அடுக்குவதில்லை, எப்போதும் ஜோடிதான். "பக்கிரி, பாண்டியன்" என்று ஒன்றாக இருந்த பெயர்களை, கமாவைக் கண்டதும் புதுப் பெட்டி பிரித்துவிட்டது. பாண்டியன் பக்கத்துக் கட்டத்துக்குப் போக, தட்டு எண்ணிக்கை 'உடைந்தது' கட்டத்துக்கு நகர்ந்தது. உடைந்த எண்ணிக்கை தலைப்பே இல்லாமல் ஓரத்தில் போய் நின்றது.

மறுபடி போன்.

"பாண்டியன அழிச்சிட்டா சரியாயிடுமாம்மா?"

"அழிங்க சார். ஆனா..." என்பதற்குள் லைன் கட்டானது.

அழித்தார். பாண்டியன் போனார், எண்கள் அசையவில்லை. காலியான தட்டுக் கட்டம் பல்லிளித்தது. எல்லா நாளுக்கும் நாற்பது என்று நிரப்பினார். தலைப்பில்லாத கட்டத்தைப் பார்த்தால் அந்தம்மா கேள்வி கேட்பாரே என்று அதையும் நறுக்கினார்.

நறுக்கிய பிறகுதான் உறைத்தது. போனது உடைந்த எண்ணிக்கை. இப்போது தட்டு எண்ணிக்கையே அந்த இடத்தில் உட்கார்ந்து, சூளைக்குச் சூளை பதினாலும் பதினேழும் உடைந்ததாக நின்றது. சிடியை மறுபடி செருகப் போனார். வாசலில் ஜீப் வந்து நின்றது.

வந்த அதிகாரி சிவசங்கரி நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த முதலாளியின் முகம் சுண்டிப்போனது.

"இதை யாரு ஏத்தினது?"

"நாந்தாங்க," என்றார் பழமலைநாதன். பதினோரு வருட வேலைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

சிவசங்கரி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் நீட்டினார்.

"போன ரெண்டு வாட்டியும் ஒண்ணுகூட ஒடையலன்னு வரிசையா சைபர் காட்டுனீங்க, அதான் தரல. இப்பதாங்க மொத தடவையா உண்மைய எழுதியிருக்கீங்க."