பணியாரக் கடைக் காக்கையும் விளம்பர அனுமதியும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்துக்கு அடியில், அஞ்சலை என்ற காக்கை ஒரு குழிப்பணியாரக் கடையை எடுத்து நடத்தியது. உழைப்பு அஞ்சலையுடையது, பெயர் மயிலுடையது. ‘தோகை பணியாரம்’ என்றால் அக்கம்பக்கத்துக் காடெல்லாம் கிளை உண்டு. பெயர்ப்பலகையையும் மாவுப் பக்குவத்தையும் மயில் தரும். அடுப்பு ஊதுவது, தட்டு கழுவுவது, சாப்பிட வரும் எருமையிடம் பேச்சு வாங்குவது எல்லாம் கிளை எடுத்தவர் பாடு. இதற்கு ஃபிரான்சைஸ் என்று நாகரிகமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

குடியிருந்த வேப்பமரத்தை விற்றுவிட்டுத்தான் அஞ்சலை இதில் இறங்கியது. ஐப்பசி மழைக்குள் கூட்டம் சேராவிட்டால் கடை அடுத்துக் காத்திருக்கும் கொக்குக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். போனால் அஞ்சலையும் குஞ்சுகளும் நடுத்தெருவில்தான்.

முதல் ஈடு பணியாரம் வெந்ததும் அஞ்சலை கோபுரத்தில் ஏறி, “கா! கா! சூடா பணியாரம் இருக்கு, எல்லாரும் வாங்க!” என்று கூவியது. சாப்பாட்டைக் கண்டால் ஊரைக் கூப்பிடாமல் எந்தக் காக்கைக்கும் தொண்டையில் இறங்காது.

மயில் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது.

“ஏம்மா, இப்ப என்ன பண்ணின?”

“சாப்பிடக் கூப்பிட்டேன் சார். எங்க வழக்கம்.”

“அது விளம்பரம். தலைமை அலுவலகத்துல அனுமதி வாங்கினியா?”

“வாயத் தொறக்கவா சார்?”

“வாயத் தாராளமா தொற. கடையைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வர்றதா இருந்தா மட்டும் எங்கிட்ட கேட்டுட்டுத் தொற.”

பாவம், அஞ்சலை ஒழுங்காகத் தலைமை அலுவலகம் இருந்த மலை உச்சிக்கு ஏறிப் போய் மயிலிடம் கரைந்து காட்டியது. குரலில் நளினம் போதாது, குயில் மாதிரி முயற்சி செய் என்று திருப்பி அனுப்பினார்கள். முயற்சி செய்துகொண்டு போனது. ‘வாங்க’ என்பது வற்புறுத்தல், எடுத்துவிடு என்றார்கள். எடுத்துவிட்டுப் போனது. ‘சூடா’ என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அஞ்சலை ஒரு பணியாரத்தை அலகில் கவ்விக்கொண்டு பறந்தது. மலை உச்சி போய்ச் சேர்வதற்குள் அது ஆறிப்போயிற்று.

“பொய் விளம்பரம்” என்றது மயில்.

கடையில் ஈ கூட இல்லை. மாவு புளித்தது. கொக்கு தினமும் வந்து, அடுப்பை எந்தப் பக்கம் மாற்றி வைக்கலாம் என்று பார்த்துவிட்டுப் போனது. அஞ்சலைக்கு அழுகை அழுகையாக வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபுரத்தில் ஏறியது.

“இந்தக் கடைப் பக்கம் ஒருத்தரும் வராதீங்க! பணியாரத்துல நெய் வழியுது, அலகெல்லாம் பிசுபிசுப்பு! சட்னியில கண்ணுல தண்ணி வருது! ஒரு தட்டு கேட்டா ரெண்டு பணியாரம் கூட வச்சுத் தொலையுறா, பாவி!”

அவ்வளவு மோசமா என்று பார்க்க எருமை வந்தது. முயல்கள் வந்தன. மைனாக்கள் குடும்பத்தோடு வந்தன. மயிலும் மூச்சிரைக்க வந்தது.

“கடையைத் திட்டினியாமே?”

“ஆமா சார். நல்லதா சொன்னாத்தானே கேக்கணும்னீங்க?”

மயில் விதிகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தது. திட்டுக்குத் தடை இல்லை. மறுநாளே புதிய உத்தரவு வந்தது. எல்லாக் கிளைகளும் காலையும் மாலையும் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ள வேண்டும். திட்டின் வாசகத்துக்கு முன் அனுமதி அவசியம். கண்ணியமாகத் திட்டவும்.

அஞ்சலை உத்தரவைக் கேட்டது. வானத்தைப் பார்த்தது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இனி மலையேற அதற்குத் தெம்பில்லை. நேரே கோபுரத்தில் ஏறி, கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மயிலைத் திட்ட ஆரம்பித்தது. நடை, காலின் அவலட்சணம், தலைமை அலுவலகம், ஆறிப்போன பணியாரம் என்று ஒன்றையும் விடவில்லை.

காடே திரண்டு வந்தது. மற்றக் கிளைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கொக்கும் ஓர் ஓரமாக நின்று தலையாட்டியது. கேட்கக் கேட்க எல்லோருக்கும் பசித்தது. பணியாரம் ஈடு ஈடாகத் தீர்ந்தது.

மயில் தடுக்கவில்லை. விற்பனையில் அதற்கும் பங்கு உண்டே. கூட்டத்தின் பின்னால் நின்று ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, “கொஞ்சம் சத்தமா” என்றது.

நீதி: கடையைப் புகழ்ந்தாலும் அனுமதி கேட்பார்கள், திட்டினாலும் கேட்பார்கள். முதலாளியைத் திட்டுங்கள். அதற்குக் கூட்டம் பசியோடு வரும், முதலாளி உட்பட.