சக்கிமுக்கித் துவக்கும் அகஸ்ரினின் வலக்கண்ணும்

துவக்கின் வெடிமருந்து கண்ணுக்குப் பக்கத்திலேயே பற்றும் என்று வின்சன்ற் சொன்னதும் அகஸ்ரினின் வலக்கண் தானாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது.

“பயப்பிடாதையும். விசையை இழுத்தா சக்கிமுக்கிக் கல்லு இரும்பில அடிச்சுப் பொறி பறக்கும். கிண்ணத்து மருந்து பக்கெண்டு பத்தும். பிறகுதான் குண்டு போகும்.”

“கண்ணை மூடலாமோ, அண்ணை?”

“கூடாது!”

அகஸ்ரின் வேலை செய்யும் மார்க்கம் நகரத் தொழிற்சாலையில் வின்சன்ற் சூப்பர்வைசர். எழுபதுகளிலேயே ரொறன்ரோவுக்கு வந்தவர். அடுத்த கிழமை யாரை லே ஓஃப் பண்ணி வீட்டுக்கு அனுப்புவது என்பது அவர் கையில். அவர் பழங்காலத் துவக்குக் கிளப்புக்குக் கூப்பிட்டால், ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்து மூன்று வருடமேயான அகஸ்ரின் எப்படி மறுப்பான்?

தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினான். பக்கத்தில் இடைவெளி தெரிந்தது. பொறி புகுந்துவிட்டால்? சால்வையைச் சுற்றி இடைவெளியை அடைத்தான். மூச்சு மேலேறிக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது.

“அண்ணை, ஒண்டும் தெரியேல்லை.”

“உள்கண்ணாடியைக் கழட்டும்.”

கழற்றினான். இப்போது இலக்குப் பலகையையே காணவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, விசையை இழுத்தான்.

‘டிக்.’ வெடிக்கவில்லை.

“அசையாதையும்! பிந்தியும் வெடிக்குமாம்!” வின்சன்றின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்தது.

துவக்கை இறக்காமல் பிடித்தபடியே நின்றான். கனநேரம் கழித்து வின்சன்ற் குனிந்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

“மருந்து காணாது போல.” கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கொட்டி, கல்லை மறுபடி பின்னிழுத்துப் பூட்டிவிட்டு விரைந்து விலகினார்.

அந்தோனியாரே என்று அகஸ்ரின் மறுபடி இழுத்தான்.

முகத்தருகே தீ எழும்பியது. துவக்கு தோளில் இடித்தது. புகைக்குள் புருவம் கருகிய மணம். கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது.

வின்சன்ற் ஓடிவந்து அவன் கண்ணாடிகளைக் கழற்றினார்.

“கண் தெரியுதோ? இது எத்தினை விரல்?”

“ரெண்டு, அண்ணை.”

வின்சன்ற் அவனைக் கட்டிப்பிடித்தார். ‘இனி என்ர வேலைக்குப் பயமில்லை’ என்று அகஸ்ரினின் மனம் குளிர்ந்தது.

தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த வின்சன்றின் மனைவி இராஜேஸ்வரி பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றி நீட்டினாள்.

“பெரிய உபகாரம், தம்பி. உந்தத் துவக்கை வாங்கி ஒரு வருசம், பயத்தில இவர் ஒருநாளும் சுட்டதில்லை. ‘சண்டை நாட்டிலயிருந்து வந்தவன் முதல்ல சுடட்டும், அவன்ர கண் தப்பினா நான் சுடுறன்’ எண்டுதான் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தவர்.”