டவர்சாமியும் ரீல்ஸ் முனியும்

கடலாடிக்கு மேற்கே, கருவேலங்காட்டுக்குள் முனி ஓட்டுகிற டவர்சாமி வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. அலறவிட்டு ரீல்ஸ் பார்க்கிறவனா? அவனைப் பிடித்திருப்பது ரீல்ஸ் முனி. சன்னலோரம் உட்கார்ந்து பின்சீட்டுக்காரர் முகத்தில் பாக்கு துப்புகிறவனா? அது எச்சில் முனி. ஆக, ஊரில் மரியாதை கெட்டவன் ஒருத்தனும் கிடையாது. எல்லாம் முனி பார்த்த வேலை! இப்படி ஒரு சாமி கிடைத்தால் ஜனம் விடுமா?

கோகிலாவின் கதை வேறு. தகப்பனாருக்கு வாய்க்கரிசி போடுகிற நேரத்தில், அவள் புருஷன் மாரிச்செல்வத்தின் போனிலிருந்து “கெக்கெக்கே” என்று ஒரு காமெடிச் சிரிப்பு ஊரே கேட்கக் கிளம்பியது. மனுஷன் நிறுத்தவில்லை, அடுத்த ரீலுக்குத் தள்ளினார்.

“இனி நீயும் உன் புருசனும் இந்த வாசல மிதிக்காதீக,” என்றான் அண்ணன் ராம்குமார்.

அபிராமத்துத் தாய்வீட்டுக்குப் போய் எட்டு மாதம். அம்மா முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த ஏக்கத்தில்தான், புருஷனைப் பிடித்த முனியை ஓட்ட அவரையும் கூட்டிக்கொண்டு, கறவை வெள்ளாட்டைக் காணிக்கையாக ஓட்டி வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிற மகள் ஜோதிகாவும் முறைத்துக்கொண்டே வந்தாள்.

மாரிச்செல்வம் கையில் ரீல்ஸ் அலற, சாமி முன்னால் உட்கார்ந்தார். டவர்சாமி பக்கத்திலிருந்த எலுமிச்சைக் கூடையைத் தொட்டுக் கும்பிட்டு, வேப்பிலையை வீசி, “அடங்கு!” என்றார். படம் நின்றது. திரையில் வட்டம் சுற்றியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோகிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“முனி போயிருச்சு தாயி. ஆட்டை அங்கன கட்டு.”

“ஒரு நிமிசம் சாமி,” என்றாள் ஜோதிகா. “எங்கய்யா போன்ல டவுன்லோடு பண்ணி வச்ச காமெடி ஒண்ணு இருக்கு. அதையும் அடக்குங்க.”

போட்டாள். சாமி வேப்பிலையை வீசினார். காமெடி ஓடியது. இன்னும் ஓங்கி வீசினார். இலைதான் உதிர்ந்தது.

“இது வெளியூர் முனி,” என்றார் வேர்த்துப்போய்.

“இல்ல சாமி, இது நெட் தேவைப்படாத முனி,” என்று சொல்லி ஜோதிகா கூடையைக் கவிழ்த்தாள். எலுமிச்சைக்கு அடியில் நாலு கொம்பு வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று கண்சிமிட்டியது. “சிக்னல மறிக்கிற ஜாமரு!”

அவள் அதை அணைத்ததுதான் தாமதம், கூட்டத்தில் நின்றுபோயிருந்த ரீல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. நேற்றுக் குணமாகி இன்று நன்றி சொல்ல வந்தவர்களின் போன்தான் அதிகமாகக் கத்தியது. அந்த இரைச்சலில் சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்.

ஜனத்துக்குக் கோபம் வந்தது. சாமி மேல் இல்லை.

“ஏ புள்ள, முனி இல்லைன்னா நாங்க துப்புனதுக்கு யாரு பொறுப்பு?” என்று ஒருவர், துப்பிவிட்டுக் கேட்டார்.

மாரிச்செல்வம் மகளைப் பார்த்தார். “அப்ப, அன்னைக்கு எழவு வீட்டுல…?”

“முனி இல்லய்யா. நீங்கதான்.”

கோகிலாவுக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “ஏங்க, கெளம்புங்க. எங்கண்ணன்கிட்ட ‘நான் செஞ்சது தப்பு’ன்னு உங்க வாயால சொல்லுங்க.”

“முனின்னே சொல்லிட்டா…”

“வெளக்கமாறு பிஞ்சிரும்!”

ஆட்டை ஜோதிகா வீட்டுக்கு ஓட்டிப் போனாள். இவர்கள் அபிராமத்துக்குப் போனார்கள். மாரிச்செல்வம் வாசலிலேயே நின்று, “தப்புத்தான் மச்சான், மன்னிச்சிருங்க,” என்றார். ராம்குமார் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

“உள்ள வாங்க மாப்ள,” என்றான் பிறகு. “போன மட்டும் வெளிய வச்சிட்டு வாங்க.”

கோகிலா அதற்குள் அம்மாவின் மடியில் விழுந்திருந்தாள்.

மக்களே, போனில் சத்தத்தைக் குறைக்க ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்க விரல் போதும், சாமி வேண்டாம். எப்போது அமுக்குவது என்று தெரிய மட்டும் கொஞ்சம் மூளை வேண்டும். அதை எந்தக் கூடைக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள்?